முப்பதும் முப்பதும்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அன்று புள்ளியியல் சாரின் அறையில் கையெழுத்துக்காகக் காத்திருந்த சீனியர் அக்கா ஒருவர் சொல்லக் கேட்டது.

ஜெபக்கனி சிஸ்டர் இருபது வருடம் வார்டில் வேலை பார்த்துவிட்டு எம்.எஸ்சி. நர்சிங் படிக்க வந்தவர். அவருக்குப் புள்ளியியல் நடத்திய அன்வர் சாருக்கு வயது இருபத்தொன்பது.

“சார், என் ஆய்வு தோத்துப்போச்சு.”

“என்ன ஆய்வு, சிஸ்டர்?”

“படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்குக் கெண்டைக்காலுக்கு அடியில தலையணை வெச்சோம், குதிகால் மெத்தையில படாம. வெச்ச முப்பது பேர்ல மூணு பேருக்குப் படுக்கைப்புண். வைக்காத முப்பது பேர்ல ஆறு பேருக்கு.”

“பாதியா குறைஞ்சிருக்கே.”

“கணக்குப் போட்டா, அது தற்செயலாவும் இருக்கலாம்னு வருது. ‘தலையணையால் பலன் இல்லை’ன்னு எழுதிட்டேன். நாளைக்குக் கொடுக்கணும். எங்க ஆஸ்பத்திரி சூப்பிரண்டென்ட் மேடம் அந்த ஒரு வரிக்காகத்தான் காத்திருக்காங்க. படிச்ச கையோட தலையணையெல்லாம் ஸ்டோருக்குப் போயிடும்.”

“ஏன் அறுபது பேர் எடுத்தீங்க?”

“எல்லாரும் அறுபதுதானே சார் எடுக்கிறாங்க! போன பேட்ச், அதுக்கு முந்தின பேட்ச். கல்யாணப் பந்தி மாதிரி இந்தப் பக்கம் முப்பது இலை, அந்தப் பக்கம் முப்பது இலை.”

அன்வர் சார் சிரித்துவிட்டார். பிறகு இடது கையை மேசைமேல் நீட்டினார்.

“நாடி பாருங்க. நடுவுல துடிப்பு ஏதாச்சும் தவறுதான்னு சொல்லுங்க.”

சிஸ்டர் விரல் வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஐந்து விநாடியில் அன்வர் சார் கையை இழுத்துக்கொண்டார்.

“தவறுதா?”

“என்ன சார் விளையாடுறீங்க? அதுக்குள்ள எப்படிச் சொல்ல?”

“இவ்வளவு நேரத்துல ஒண்ணும் தவறலையே. ‘தவறவில்லை’ன்னு சார்ட்டுல எழுதுங்க.”

“மாட்டேன். முதல் வருஷப் பொண்ணுகூட எழுத மாட்டா. அதுக்கு முழு நிமிஷம் எண்ணணும்.”

“அப்ப என்னதான் எழுதுவீங்க?”

“எண்ணினது போதலை, இன்னும் எண்ணணும்னு…”

சிஸ்டர் நிறுத்தினார்.

அவர் ஃபைலைத் திறந்து ‘பலன் இல்லை’ என்ற வரியைக் கோடு போட்டு அடித்தார்.

“சார், இதுக்கு முழு நிமிஷம்னா எத்தனை பேர்?”

“இந்த வித்தியாசம் நிஜமா இருந்தா, பத்துக்கு எட்டு தடவையாவது அது கண்ணுல பட, ஒரு பக்கத்துக்கு இருநூறு பேர் வேணும்.”

“நானூறா! ஒரு வார்டை வெச்சுக்கிட்டு நான் எங்க போக?”

“ஊர்ல உங்க வார்டு மட்டுமா இருக்கு?”

“சரி, நாளைக்கு மேடம் தலையணையைக் கேட்டா?”

“இன்னும் எண்ணி முடியலைன்னு சொல்லுங்க.”

கல்லூரி நூலகத்தில் தேடிப் பார்த்தேன். சிஸ்டரின் ஆய்வேடு இருக்கிறது. “பலன் உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல அறுபது பேர் போதவில்லை” என்று முடிகிறது. அதே அடுக்கில், மூன்று வருடம் கழித்து ஐந்து மருத்துவமனைகளின் நர்ஸுகள் சேர்ந்து எழுதிய ஓர் அறிக்கையும் இருக்கிறது. தலையணை வைத்த இருநூற்றாறு பேரில் இருபத்துநான்கு பேருக்குப் புண். வைக்காத இருநூற்றாறு பேரில் நாற்பத்துமூன்று பேருக்கு.