படுக்க மறுத்த வெங்காயம்

ஆமையடிப்பட்டிக்காரர்களுக்கு அறிவு கிடையாது என்று சொன்னால் அது பொய். நிறைய இருந்தது. வீணாகிவிடக் கூடாதே என்று யாரும் அதை எடுத்துப் புழங்குவதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊரிலேயே கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள் சிட்டம்மாள். அவள் புருஷன் சீரங்கன். சீரங்கனுக்கு இரண்டு தம்பிகள், பூலாண்டியும் காத்தமுத்துவும். இரண்டு பேருக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் வாயைத் திறந்து பேசியதுதான் காரணம்.

சித்திரை பிறந்தது. பல்லடத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பேறுகாலம். பஸ் குலுக்கல் ஆகாது, தாய் வீட்டுக்குப் போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் சிட்டம்மாளே கிளம்பினாள். தோட்டத்தில் சின்ன வெங்காயம் நடுகிற சமயம் அது. போவதற்கு முன் மூன்று பேரையும் வரிசையாக நிற்கவைத்தாள்.

"நல்லாக் கேட்டுக்கங்க. விதை வெங்காயத்துல காய்ஞ்ச தோல் போகத் தேய்ச்சு, ஒண்ணொண்ணாப் பிரிச்சு நடுங்க. வேர் கீழ, நுனி மேல. வேர் பிடிச்சிருக்கான்னு பார்த்துக்கங்க. முத்தினதும் தாளெல்லாம், அதான் மேல நிக்கிற பச்சை இலையெல்லாம், தானாப் படுத்துரும். அன்னிக்கு ஒரு போன் போடுங்க, வந்துர்றேன்."

"படுக்கலன்னா?" என்று கேட்டான் சீரங்கன்.

"படுக்கலன்னா வெள்ளாமை போச்சு. போன வெள்ளாமைக்கு நான் எதுக்கு வரணும்? மக வீட்டுலயே இருந்துக்கிறேன். அவளும் இருன்னுதான் சொல்றா."

பஸ் கண்ணில் இருந்து மறைந்த பிறகும் சீரங்கன் கையை ஆட்டிக்கொண்டே நின்றான். கல்யாணம் ஆனதில் இருந்து அவளைப் பிரிந்து ஒரு பொழுது இருந்ததில்லை. அன்று மத்தியானம் பூலாண்டி வைத்த ரசத்தைக் குடித்ததும் அந்த வருத்தம் இரண்டு மடங்காயிற்று.

மறுநாள் விதை வெங்காயத்தைக் கொட்டித் தோல் தேய்க்க உட்கார்ந்தார்கள். காய்ந்த தோல் போயிற்று. அடியில் ஈரத் தோல் இருந்தது. அதைக் கொஞ்சம் வெயிலில் வைத்தார்கள், அதுவும் காய்ந்தது. காய்ந்த தோல் போக வேண்டும் என்பது சிட்டம்மாளின் உத்தரவு. அதையும் எடுத்தார்கள். அடியில் இன்னொரு தோல்.

மூன்று ஆண்பிள்ளைகள் வாசலில் உட்கார்ந்து கண்ணீர் வடிப்பதை எதிர்வீட்டு மாயக்கா பார்த்தாள். முதலில் அழுவது, அப்புறம் விசாரிப்பது என்பது ஆமையடிப்பட்டி வழக்கம். ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பாரியை ஆரம்பித்தாள். அவளைப் பார்த்துத் தெருவே வந்தது. சாயங்காலம் மாலையோடு ஒருவர் வந்து, இதை எங்கே வைக்கிறது என்று கேட்டபோதுதான் யாரும் சாகவில்லை என்று தெரிந்தது.

"பின்ன எதுக்குய்யா எங்கள இந்த அழுகை அழவிட்டீங்க?" என்று மாயக்கா சண்டைக்கு வந்தாள்.

"வந்த கண்ணீர வீணாக்காத அக்கா. ஆளுக்குக் கொஞ்சம் உரிச்சுட்டுப் போங்க" என்றான் காத்தமுத்து.

நல்லவேளை, எல்லாருக்கும் அழுத களைப்பு. உரிபடாமல் தப்பிய பாதி வெங்காயம் பாத்திக்குப் போயிற்று.

அடுத்த வேலை, வேர் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது. காத்தமுத்து ஒன்றைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தான். "இல்லண்ணே." மறுபடி நட்டான். பக்கத்து வெங்காயத்தைப் பிடுங்கினான். தோட்டம் முழுக்கப் பிடுங்கிப் பார்த்து நட்டு முடிக்கவே பொழுது சாய்ந்துவிட்டது. தினமும் இதே வேலை. ஒருநாள் ஒரு வெங்காயம் லேசில் வரவில்லை. மூவரும் சேர்ந்து தம் கட்டி இழுத்தார்கள். வந்தது.

"நல்லாப் பிடிச்சிருந்துச்சு" என்று திருப்தியாகச் சொன்னான் சீரங்கன்.

வெங்காயம் ரோஷக்காரப் பயிர். இத்தனையையும் பொறுத்துக்கொண்டு தழைத்தது. ஆனால் தினம் ஒரு நடவு என்றால் எந்தப் பயிர்தான் காலத்தில் முத்தும்? ஆடி வந்தது. அக்கம்பக்கத் தோட்டங்களில் எல்லாம் தாள் சாய்ந்து வெங்காயத்தை அள்ளிப் போனார்கள். இவர்கள் தோட்டத்தில் மட்டும் தாள் விறைத்துக்கொண்டு நின்றது.

சிட்டம்மாள் போன் செய்தாள். "படுத்துருச்சா?"

"இன்னும் இல்ல சிட்டு."

"அப்ப நான் இங்கயே இருந்துக்கிறேன். பேரனும் என்னை விடமாட்டேங்கிறான்."

பின்னால் பேரன் அழுவது கேட்டது. சீரங்கனுக்கும் அப்படி அழ வேண்டும் போலிருந்தது.

அண்ணன் முகத்தைப் பார்த்த தம்பிகள் அவனையும் கூட்டிக்கொண்டு வரப்பில் நின்று ஆலோசித்தார்கள்.

"வெங்காயத்துக்குப் பசியில தூக்கம் வரலையோ?" என்றான் பூலாண்டி.

"நேத்துதான உரம் வச்சோம்? வயிறு நிறைஞ்சிருக்கும்" என்றான் சீரங்கன்.

"கொசு கடிக்குதோ?"

காத்தமுத்து வெகுநேரம் யோசித்தான். "அண்ணே, நாம எப்பப் பார்த்தாலும் இங்க நின்னுக்கிட்டே இருக்கோம். பெரியவங்க நிக்கிறப்ப சின்னஞ்சிறுசுக எப்படிக் கால நீட்டிப் படுக்கும்? நாம வளர்த்த பயிரு. மரியாதை இருக்கும்ல?"

சீரங்கனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அடடா! பாவம், எத்தனை நாளா நிக்குதுக!"

"அப்ப நாம இப்படி வரப்புலயே படுத்துருவோமா?" என்றான் பூலாண்டி.

"வரப்பு உசரம்டா. மேல இருந்து பார்க்குறோம்னு கூச்சப்படும். கிட்டப் போய்ப் படுக்கணும்" என்றான் சீரங்கன்.

பாய்களைக் கொண்டுவந்து பாத்திக்கு நடுவில் விரித்துப் படுத்தார்கள். சீரங்கன் புரண்டு படுக்கிற ஆள். ஒரு புரளலில் பாயை விட்டு வெளியே போனான். திரும்பிப் பார்த்தான்.

"டேய், படுத்துருச்சுடா!"

"நான் சொல்லல?"

"இந்தப் பக்கம் இன்னும் நிக்குதே?"

"அந்தப் பக்கம் உருண்டு போண்ணே. எந்திரிச்சு நடந்தா பதறிப்போயிரும்."

மூவரும் மரியாதையாக உருண்டார்கள். மத்தியானத்துக்குள் தோட்டத்தில் ஒரு தாள் பாக்கியில்லாமல் படுத்துவிட்டது. படுத்த வாக்கிலேயே சீரங்கன் பல்லடத்துக்குப் போன் போட்டான்.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கிய சிட்டம்மாள், பையும் கையுமாக நேரே தோட்டத்துக்கு வந்தாள். பாத்தியெல்லாம் தோசைக்கல் மாதிரி மட்டமாகக் கிடந்தது. தாள் துவையலாகியிருந்தது. நடுவில் மூன்று பேர் படுத்திருந்தார்கள்.

"அண்ணி, குனிஞ்சுக்கங்க" என்று தரையில் இருந்து குரல் கொடுத்தான் காத்தமுத்து. "நீங்க நின்னா எந்திரிச்சுரும்."

சிட்டம்மாள் இடுப்பில் கை வைத்துத் தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். முகம் சிவந்தது.

"மனுசங்களா நீங்க? கொஞ்சமாவது அறிவு இருக்கா? ஒரு தடவை வெளியூர் போனதுக்கு, என் பயிரை இந்தக் கதிக்கு ஆளாக்கி வச்சிருக்கீங்களே!"

சீரங்கன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவள் வந்த பஸ் இன்னும் ஊருக்குள்தான் நிற்கும். அதிலேயே ஏறிப் போய்விடுவாள்.

சிட்டம்மாள் பையைத் திறந்தாள். மகள் எடுத்துக் கொடுத்த புதுப் போர்வையை உதறி விரித்தாள்.

"இந்த வெயில்ல, மூஞ்சிக்கு ஒரு துணிகூடப் போடாம எப்படித் தூங்கும் அதுக? அந்த முனையப் பிடிங்க. மெதுவா!"

போர்த்தி முடித்ததும் போர்வை ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, கால் நீட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் இனி எங்கயும் போகல. நல்லாத் தூங்கட்டும். எந்திரிச்சதும் பிடுங்கிக்கலாம்."