மீன்காரியின் படமும் நாற்பது வரி அட்டையும்

கடலோர ஊர் ஒன்றின் கலை அருங்காட்சியகத்தில் அந்த மாதம் நல்ல கூட்டம். மாடியில் கோயில் தேர்களின் புகைப்படங்கள். கீழே சனிக்கிழமைதோறும் களிமண் வகுப்பு. நடுக்கூடத்தில் பெயர் தெரியாத ஓவியர்களின் நீர்வண்ணப் படங்கள்.

அந்த நடுக்கூடத்துக்குத்தான் பூவலிங்கம் தன் முதல் விளக்க அட்டையை எழுதியிருந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். தொழில் கற்றுக்கொள்ள எட்டு மாதமாகக் காப்பாட்சியர் மங்கையர்க்கரசியிடம் வந்துகொண்டிருந்தார். குருவுக்கு வயது முப்பத்தாறு. அட்டை தேறினால் பார்வையாளர்களுக்குப் படம் விளக்கும் வேலை. தேறாவிட்டால் மறுபடியும் வீடு, செய்தித்தாள், மனைவியின் பார்வை.

படத்தில் ஒரு மீன்காரி, கூடையருகே உட்கார்ந்து எங்கோ பார்க்கிறாள். அட்டை நாற்பது வரி. அதில் எட்டு வரி, படம் வரைந்த ஆண்டு 1931ஆ 1934ஆ என்ற விவாதம். எதிர்த்தரப்பில் யாரும் இல்லாததால் அவரே வென்றிருந்தார். 'வாங்குவாரின்றித் தொடுவானத்தை நோக்கி ஏங்கும் விழிகள்' என்று முடித்திருந்தார்.

"எப்படி இருக்கு மேடம்?"

மங்கையர்க்கரசி நிதானமாகப் படித்தார். பிறகு அட்டையைச் சுவரில் ஒட்டினார். படத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மேடம், படம்?"

"என் மேசையில இருக்கும். யாராவது கேட்டா வந்து சொல்லுங்க, மாட்டிடலாம். அதுவரைக்கும் இந்த நாற்காலியில உட்காருங்க சார்."

பூவலிங்கம் உட்கார்ந்தார். மேலே வெறும் ஆணி. கீழே அவருடைய நாற்பது வரி.

வங்கி ஊழியர் மாதிரி இருந்த ஒருவர் முழுவதும் படித்தார். தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். பூவலிங்கத்துக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கல்லூரி மாணவிகள் நால்வர் அட்டையைப் புகைப்படம் எடுத்தார்கள். பள்ளி ஆசிரியர் ஒருவர், "எழுதினா இப்படி எழுதணும்" என்று மனைவியிடம் சொன்னார். மனைவி "ஆமா" என்றாள். இருவரும் அடுத்த படத்துக்குப் போனார்கள்.

பதினொன்றரை மணிக்குள் இருபத்தாறு பேர். ஒருவரும் படத்தைக் கேட்கவில்லை. பாராட்டு ஏற ஏற அவர் முகம் தொங்கிக்கொண்டே வந்தது.

அப்போது ஓர் அம்மாள் வந்தார். யாரும் சொல்லாமலே செருப்பை வாசலில் விட்டிருந்தார். பேத்தியைக் களிமண் வகுப்பில் விட்டுவிட்டு வந்தாராம். பெயர் பிலோமியம்மாள். ஆணியைப் பார்த்தார், பூவலிங்கத்தைப் பார்த்தார்.

"என்னய்யா, இங்க படத்தக் காணோம்?"

பூவலிங்கம் எழுந்தே விட்டார். "கீழே எழுதியிருக்கேம்மா…"

"எனக்குப் படிக்கத் தெரியாதுய்யா. படம் பாக்கத்தான வந்தேன்?"

பூவலிங்கம் மேசைக்கு ஓடினார். மங்கையர்க்கரசி படத்தைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு ஓரமாக நின்றார்.

பிலோமியம்மாள் வெகுநேரம் பார்த்தார். சிரித்தார்.

"வித்து முடிச்சிட்டா!"

"யாரும்மா?"

"இவதான். தராசுத் தட்டக் கவுத்துட்டா பாருங்க. அருவாமனையக் கழுவித் துணியில சுத்திட்டா. விக்காத மீன வச்சுக்கிட்டு எவளாவது அருவாமனையச் சுத்துவாளா?"

"அப்போ… அந்தப் பார்வை?"

"பஸ்சு வருதான்னு பாக்கா. நானும் முப்பது வருசம் இப்படித்தான உக்காந்து பாத்தேன். நல்லா வித்த அன்னைக்குத்தான் இப்படிக் கால நீட்ட முடியும். யாரு பெத்த புள்ளையோ, பாத்து வரஞ்சிருக்கான்."

படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பேத்திக்கு வகுப்பு முடியும் நேரம் என்று சொல்லி நடந்தார்.

பூவலிங்கம் படத்தருகே போனார். எட்டு மாதத்தில் தாளைப் பார்த்திருந்தார், மையைப் பார்த்திருந்தார், சட்டத்தின் பின்பக்கத்தைக்கூடப் பார்த்திருந்தார். கவிழ்ந்த தட்டு இப்போதுதான் கண்ணில் பட்டது. நீட்டிய காலும்.

அட்டையைத் தானே பிய்த்து எடுத்தார். திரும்பிக் கைகூப்பினார்.

"ரொம்ப நன்றி மேடம்."

"எனக்கு எதுக்கு சார்?" என்றார் மங்கையர்க்கரசி. "அவங்க இன்னும் வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க."