எலுமிச்சம்பழ வளைவு

வளைவில் "டொக்" என்று ஒரு சத்தம் கேட்டது. அதைத் தெய்வசிகாமணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கண்ணெல்லாம் நேரம் காட்டும் திரையில் இருந்தது. இதுவரை இவ்வளவு வேகமாக அவர் ஓட்டியதே இல்லை!

காரை நிறுத்திவிட்டுத் துள்ளி இறங்கியவர், முன்சக்கரத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். காற்று புஸ்ஸென்று இறங்கிக்கொண்டிருந்தது.

திருப்பூரில் அவர் பேர்பெற்ற பல் மருத்துவர். ஐம்பதைத் தொடும் வயதில் கார்ப் பந்தய ஆசை வந்து, சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். கோவைக்கு வெளியே இருக்கும் பந்தயத் தடத்தில் ஜெனிட்டாவிடம் ஓட்டப் பழகினார். ஜெனிட்டா குன்னூர்க்காரர். மலைப்பாதைப் பந்தயங்களில் கோப்பைகள் வென்றவர். வயதில் மருத்துவரைவிட மிகவும் இளையவர்.

அன்று மாலை இறுதிப் போட்டி. மருத்துவருக்கு அதுதான் முதல் இறுதிப் போட்டி.

சக்கரத்தைக் கழற்றிப் புரட்டினார்கள். வெளிப்பக்கம் பளபளவென்று இருந்தது. உட்பக்கத்தில் மயிரிழை போல ஒரு விரிசல்.

"பாருங்க மேடம்! மறுபடியும் விட்டுடுச்சு. கம்பெனியில இருந்து வர்ற அலாய் வீலே இப்படி இருந்தா என்னங்க பண்றது? இத்தனை காசு கொடுத்து வாங்கின கார்!"

"வீல் மேல குறை இருக்கு" என்றார் ஜெனிட்டா. "அழகுக்காகப் பெருசா வார்த்திருக்காங்க. டயர் மெலிசு. அடி நேரா உலோகத்துக்குப் போகுது."

"அதைத்தாங்க நானும் சொல்றேன்! வெளிநாட்டுல இருந்து வேற செட்டு வரவழைச்சிருக்கேன். வார்த்ததில்ல, அழுத்தி அடிச்சுச் செஞ்சது. இரும்பு மாதிரி நிக்குமாம். இப்பவே மாட்டிடட்டுங்களா?"

ஜெனிட்டா நேராகக் கேண்டீனுக்குப் போனார். ஒரு பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு திரும்பி வந்தார்.

மருத்துவருக்கு ஆச்சரியம். "மேடம், நீங்களுமா? சக்கரத்துக்கு அடியில வைக்கவா?"

"ஆமாம், சக்கரத்துக்குத்தான்."

ஆனால் அவர் காரிடம் வரவில்லை. தடத்தில் அப்போது வேறு வண்டி எதுவும் இல்லை. சத்தம் கேட்ட அந்த வளைவுக்கு நடந்தார். அங்கே உள்ஓரத்தில், சிவப்பும் வெள்ளையுமாய்ப் பூசிய கல்விளிம்பு மேடாக இருந்தது. அதன் மேல் பழங்களை வரிசையாக உட்கார வைத்தார்.

"ஸ்டெப்னியா இருக்கிற கம்பெனி வீலையே மாட்டி ஒரு சுற்று வாங்க. எப்பவும் ஓட்டுற மாதிரியே ஓட்டுங்க."

மருத்துவர் ஓட்டினார். திரும்பி வந்து பார்த்தால் ஒரு பழம்கூட முழுசாக இல்லை. வளைவு முழுக்க எலுமிச்சை வாசம்.

"அந்தக் கல்லுல ஏறிப் போனாத்தானுங்க தூரம் குறையும்" என்றார் கொஞ்சம் கூச்சத்தோடு.

ஜெனிட்டா விளிம்பைத் துடைத்துவிட்டுப் புதுப் பழங்களை வைத்தார். "இப்ப நீங்க பக்கத்து சீட்டுல உட்காருங்க."

கார் சீறிக்கொண்டு கிளம்பியது. மருத்துவரின் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. வளைவு பாய்ந்து வந்தது. அவர் பிரேக் போடும் இடத்துக்கு வெகு முன்னாலேயே ஜெனிட்டா பிரேக்கை மிதித்தார். 'போச்சு, நேரம் போச்சு' என்று மருத்துவர் மனசுக்குள் கத்தினார். கார் வெளிப்பக்கமாக அகன்று, வழுக்கினாற்போல் திரும்பி, விளிம்பை உரசாமல் ஒட்டிப் போனது. வளைவு முடியுமுன்பே முழு வேகம்! நேர்ப்பாதையில் அம்பு மாதிரி பறந்தது. மருத்துவர் தன்னையறியாமல் "ஐயோ! ஐயோ!" என்று சிரித்தார்.

திரையைப் பார்த்தார். காலையில் அவர் எடுத்த நேரத்தைவிடக் குறைவு.

ஓடிப்போய் வளைவைப் பார்த்தார். எல்லாப் பழங்களும் வைத்தது வைத்தபடி இருந்தன.

"மேடம், புது வீலை மாட்டட்டுங்களா, வேண்டாமா?"

"போட்டிக்கு நேரமாச்சு, டாக்டர். ஹெல்மெட்டை எடுங்க."

மாலையில் கொடி அசைந்தது. கம்பெனிச் சக்கரங்களோடுதான் அவர் தடத்தில் இறங்கினார். கூட்டத்தின் நடுவில் தொடங்கி, ஒவ்வொரு காராகத் தாண்டினார். கடைசிச் சுற்றில் நான்காவது இடம். முன்னால் ஒரு நீலக் கார். அதைத் தாண்டினால் மேடை ஏறலாம்!

அதே வளைவு வந்தது. நீலக் கார் கல்விளிம்பில் ஏறிக் குதித்துக் குறுக்கே போனது. மருத்துவரின் கைகள் தாமாகவே அந்தப் பக்கம் இழுத்தன. பல்லைக் கடித்துக்கொண்டு முன்கூட்டியே பிரேக்கை மிதித்தார். இடைவெளி கூடியது. காரை அகலமாக விட்டு, திருப்பி, அழுத்தினார்.

குதித்து இறங்கிய நீலக் கார் ஒரு கணம் தள்ளாடியது. அந்தக் கணத்தில் அவர் அதன் பக்கவாட்டில் இருந்தார். அடுத்த கணத்தில் முன்னால் இருந்தார்.

மூன்றாம் இடம்!

கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவரின் கண் கலங்கியிருந்தது. காரின் அருகில் மண்டியிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் உட்பக்கத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"மேடம்! புரிஞ்சுதுங்க! வீல்ல ஒண்ணுமே இல்ல, எல்லாம் என் கையிலதான் இருந்துச்சு. அந்த வெளிநாட்டு செட்டு இனி எனக்கு எதுக்குங்க? திருப்பி அனுப்பிடறேன்."

ஜெனிட்டா சிரித்தார்.

"வீல்லயும் குறை இருக்குன்னு அப்பவே சொன்னேனே. இப்ப மாட்டுங்க, டாக்டர்."