உப்பு எங்கே இருக்கிறது?

முன்னொரு காலத்தில் கொன்றைநாடு என்று ஒரு நாடு. அதைச் செண்பகராயர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்று சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். காலையில் ஒரு சட்டம் போடுவார், சாயங்காலம் அதை மறந்துபோவார். அவர் மறந்ததையெல்லாம் நினைவில் வைத்து நாட்டை ஓட்டியவர் மந்திரி விடங்கர். பாவம், அந்த மனுஷனுக்கு அந்த வருஷம் வீட்டிலும் ஓய்வில்லை. மனைவி பெருந்தேவி கிணற்றடியில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கையாகக் கிடந்தாள்.

ஒரு நாள் விடங்கர் சபைக்குள் நுழைந்ததுமே இரண்டாம் ஆசனத்துக் காளிங்கர் எழுந்தார். மந்திரியின் முதல் ஆசனத்தின்மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

"மகாராஜா, மந்திரியார் கன்னத்தைப் பாருங்கள். என்ன அது?"

"கரி மாதிரி இருக்கிறது" என்றார் ராஜா.

"அடுப்புக்கரி மகாராஜா. வீட்டில் தினமும் இவர்தான் சோறு வடிக்கிறாராம், குழம்பு கூட்டுகிறாராம். ஊரே சிரிக்கிறது. வீட்டை ஆளத் தெரியாதவர் நாட்டை எப்படி ஆளுவார்?"

சபையும் சிரித்தது. அரண்மனை மடைப்பள்ளியில் கரண்டி பிடிக்கிறவர்கள் அத்தனை பேரும் மீசைக்காரர்கள்தானே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அங்கே பிடித்தால் உத்தியோகமாம், வீட்டில் பிடித்தால் மானக்கேடாம். என்னத்தைச் சொல்ல, போங்கள்.

"நிஜமா மந்திரியாரே?"

விடங்கர் மேல்துண்டால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். "நிஜம்தான் மகாராஜா. அவளால் எழுந்து உட்காரவே முடியவில்லை."

"சமையலுக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்வதுதானே?"

"வைத்துப் பார்த்தேன். அவள் வாய் வைக்கவில்லை. நான் குழைய வடித்து ஊட்டினால் நாலு கவளம் உள்ளே போகிறது. அதைக் கெடுக்க மனசில்லை."

தம் சபையில் தம் மந்திரியைப் பார்த்து எல்லாரும் சிரித்தது ராஜாவுக்குச் சுருக்கென்றது. "முத்திரை மோதிரம் போட்ட கை கரண்டி பிடிக்கக் கூடாது. இரண்டில் எது வேண்டும், இப்போதே சொல்லும்."

மந்திரி கெஞ்சுவார் என்றுதான் ராஜா நினைத்தார். விடங்கரோ மோதிரத்தைக் கழற்றி ராஜாவின் காலடியில் வைத்துவிட்டார்.

"அலுத்துப்போச்சு மகாராஜா. மோதிரத்துக்கு ஆள் கிடைப்பார்கள். அவளுக்கு நான் ஒருத்தன்தான்."

காளிங்கருக்கு வாயெல்லாம் பல். "மோதிரம் போனால் மந்திரி மாளிகையும் போச்சு மகாராஜா. பொழுது சாய்வதற்குள் காலி செய்யச் சொல்லுங்கள்."

"எலும்பு கூடும்வரை அவளை அசைக்கவே கூடாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார்."

"அதெல்லாம் ராஜ்ய காரியம் இல்லை" என்றார் காளிங்கர்.

அதுவரை அலுப்போடு நின்ற விடங்கருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"வீட்டை ஆளத் தெரிந்தவருக்குத்தான் மோதிரம் என்றால் ஒரு சின்னப் பரீட்சை வையுங்கள். காளிங்கர் தம் வீட்டில், யாரையும் கேட்காமல், ஒரு பிடி உப்பை எடுத்துத் தங்கள் கையில் கொடுக்கட்டும். கொடுத்துவிட்டால் நான் அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகிறேன்."

"பூ, இவ்வளவுதானா?" என்றார் காளிங்கர். ராஜாவுக்கும் குஷி பிறந்துவிட்டது. மோதிரத்தை எடுத்து மடியில் முடிந்துகொண்டு, விடங்கரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பல்லக்கு காளிங்கர் வீட்டு வாசலில் போய் இறங்கியது.

காளிங்கர் மனைவி செங்கமலம் பதறிப்போய் வந்தாள். "நீ வாயைத் திறக்கக் கூடாதம்மா" என்று சொல்லிவிட்டு ராஜா அடுக்களை வாசலில் நின்றுகொண்டார்.

காளிங்கர் உள்ளே நுழையும்போதே நிலையில் தலை இடித்தது. அந்த நிலை அவ்வளவு தாழ்வு என்பதே அவருக்குத் தெரியாது. ஒரு பானையைத் திறந்தார், மிளகுப்பொடி. தும்மித் தீர்த்தார். இன்னொன்றில் புளி. மூன்றாவதைத் திறக்கப்போய்க் கீழே போட்டு உடைத்தார். கடைசியில் பரண் ஓரத்துக் கிண்ணத்தில் வெள்ளையாக ஏதோ இருக்க, வெற்றிக் களிப்போடு கொண்டுவந்து நீட்டினார். ராஜா ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தார். அவர் முகம் கோணலாகப் போயிற்று.

"இது படிகாரம் ஐயா. என் நாக்கே சுருண்டுவிட்டது. உப்பு எங்கே அம்மா?"

செங்கமலம் கையைக் காட்டினாள். அடுப்புக்குப் பக்கத்திலேயே உப்பு ஜாடி. இவ்வளவு நேரமும் காளிங்கர் அதன்மேல்தான் கையை ஊன்றிக்கொண்டு தேடியிருக்கிறார்.

"எத்தனை காலமாக இந்த வீட்டில் இருக்கிறீர்?"

"பிறந்ததிலிருந்து மகாராஜா."

"பிறந்ததிலிருந்து விருந்தாளியாகவே இருந்திருக்கிறீர். இந்த வீட்டை ஆளுகிறது நீர் இல்லை." ராஜா மடியிலிருந்து மோதிரத்தை எடுத்து விடங்கர் விரலில் தாமே போட்டார். அதோடு விட்டாரா? அவர் குணம்தான் தெரியுமே. "கொன்றைநாட்டில் பெண்டாட்டிக்குச் சோறு வடித்துப் போட்ட ஆண்பிள்ளை நீர்தான். நாளைக்கு உமக்குப் பொற்கரண்டி பரிசு, யானைமேல் ஊர்வலம்."

"நான் இப்ப பேசலாமா மகாராஜா?" என்று செங்கமலம் கேட்டாள்.

"பேசம்மா."

"மந்திரியார் இந்த வருஷம்தான் அடுப்புப் பத்தவெச்சார். அதுக்குச் சபை கூடிச்சு, சண்டை வந்துது, இப்ப யானையும் வருது. நான் வாக்கப்பட்டு வந்த மறுநாள் பத்தவெச்சேன். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

விடங்கர் தலையைக் குனிந்துகொண்டார். "அம்மா சொல்வது சரி. பெருந்தேவி விழாமல் இருந்தால் நானும் அடுப்புப் பக்கம் போயிருக்க மாட்டேன். யானை வேண்டாம் மகாராஜா, விடை கொடுங்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் நான் போய்த்தான் உலை வைக்கணும். அவள் பசியோடு இருப்பாள்." சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார்.

ராஜா செங்கமலத்தைப் பார்த்தார். "உனக்கு என்ன வேண்டும், கேள்."

"ஒரு வேளைச் சோறு. வேற யாராவது வடிச்சு, சூடா. எல்லாருக்கும் முன்னாடி நான் உட்கார்ந்து சாப்பிடணும்."

ராஜா காளிங்கர் பக்கம் திரும்பி அடுப்பைக் காட்டினார். காளிங்கர் பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் வரிந்துகொண்டு அடுப்பின்முன் உட்கார்ந்தார். ஊதினார், இருமினார், கண்ணைக் கசக்கினார், மறுபடி ஊதினார். வெகுநேரம் கழித்து ஒரு வழியாக இலையில் சோறு விழுந்தது. அடி கருகி, மேலே வேகாத நறுக்கரிசி. செங்கமலத்துக்குப் போட்ட பிறகு தாமும் ஒரு வாய் எடுத்துப் பார்த்த ராஜா, விழுங்க முடியாமல் கையை உதறினார்.

"இதை எப்படியம்மா சாப்பிடுகிறாய்?"

"சூடா இருக்கு மகாராஜா" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த கவளத்தை எடுத்தாள்.