கிராம்புத் தீவில் சொன்ன சொல்

துறைமுக ஊரில், வணிகர்களுக்கு மொழிபெயர்க்கும் துபாஷிகளுக்குப் பிறநாட்டு மொழிகளைக் கற்றுக்கொடுத்துவந்தார் அழகியநங்கை. அவரிடம் படித்துக் கப்பலேறியவர்களில் சாத்தையன் ஒருவன். நாற்பது வயதைத் தாண்டியவன். ஒருநாள் பாடம் நடக்கும்போது வந்து நின்று, இனி இந்தத் தொழில் வேண்டாம் என்றான்.

அழகியநங்கை மற்றவர்களை அனுப்பிவிட்டு அவனை உட்காரச் சொன்னார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் காரி என்ற வணிகனோடு சாத்தையன் கிராம்புத் தீவுக்குப் போயிருந்தான். காற்று திரும்பும்வரை எட்டு மாதம் தங்க வேண்டியிருந்தது. காரி அங்கே லுவே என்ற பெண்ணோடு குடும்பம் நடத்தினான். அவள் மொழியைத் தட்டுத்தடுமாறிப் பேசவும் பழகியிருந்தான். ஆனால் புறப்படும் நாளன்று, படகில் ஏறும்போது, அவன் வாயில் தமிழ்தான் வந்தது.

"வருகிறேன்" என்றான்.

லுவே சாத்தையன் முகத்தைப் பார்த்தாள். திரும்பி வருவதாகச் சொல்கிறார் என்று அவள் மொழியில் சொன்னான் சாத்தையன். அவள் அழுகையை நிறுத்தினாள்.

இந்த ஆண்டு வேறொரு கப்பலில் சாத்தையன் மறுபடியும் அந்தப் பக்கம் போனான். தீவில் ஊர் இல்லை. மலை புகையத் தொடங்கியதுமே எல்லோரும் பக்கத்துத் தீவுக்குப் படகேறியிருந்தார்கள். லுவே மட்டும் ஏறவில்லை. அவர் வந்து தேடும்போது நான் இங்கே இல்லாவிட்டால் எங்கே போவார் என்று கேட்டாளாம். மூன்றாம் நாள் சாம்பல் ஊரை மூடிவிட்டது.

பக்கத்துத் தீவில் இதைச் சொன்னவன் அவள் அண்ணன். சொல்லிவிட்டு, அவர் எப்போது வருகிறார் என்று கேட்டான். கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

ஊர் திரும்பியதும் சாத்தையன் நேரே காரியின் கடைக்குப் போனான். காரிக்கு இப்போது இங்கே மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். செய்தியைக் கேட்டதும் அவன் கணக்கேட்டை மூடி வைத்தான். பிறகு, கிளம்பும்போது எல்லோரும் சொல்வதுதானே, வேறு எப்படிச் சொல்வது என்றான்.

சாத்தையன் சொல்லி முடித்தான்.

"நான் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை அம்மா. எங்கே தவறினேன்?"

"விடைபெற அவர்கள் மொழியில் வேறு சொல் உண்டா?" என்று கேட்டார் அழகியநங்கை.

"போகிறேன் என்று ஒன்று உண்டு. பிணத்தை எடுக்கும்போது, இறந்தவருக்காக இன்னொருவர் சொல்வது."

"அதைச் சொல்லியிருப்பாயா?"

"அவள் அழுதுகொண்டிருந்தாள். அதை எப்படிச் சொல்வேன்?"

சாத்தையன் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?"

"நீ சொன்னதைத்தான்."

சரியான சொல் ஒன்று அவரிடமாவது இருக்கும் என்று நினைத்துத்தான் சாத்தையன் வந்திருந்தான்.

"காரியிடம் அங்கேயே கேட்டிருக்க வேண்டும்" என்றான் கடைசியில். "நிஜமாகவே வருவாயா என்று ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்."

"கேட்டிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பான், சாத்தையா. திரும்பி வருவோமா மாட்டோமா என்பது படகில் ஏறுகிறவனுக்கே தெரியாது."