மந்தியை வேவு பார்த்த கரடி

ஒரு காட்டில் கோடை முற்றிக்கொண்டிருந்தது, குழந்தைகளே. இலையெல்லாம் உதிர்ந்துவிட்டது. பாறையில் கால் வைத்தால் சுட்டது. மிருகங்கள் ஒவ்வொன்றாக அக்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. அக்கரையில் வற்றாத ஊற்று ஒன்று உண்டு. இக்கரையில் இருந்ததோ ஒரே ஒரு குட்டை. அதுவும் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது.

இரண்டு கரைக்கும் நடுவே செங்குத்தான பள்ளம். அதன் குறுக்கே எப்போதோ விழுந்து கிடந்த மருதமரம்தான் பாலம். அதன் மேல் மான் போயிற்று, முயல் போயிற்று, முள்ளம்பன்றியும் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு போயிற்று. மாசாணம் என்ற கரடி மட்டும் போக முடியாமல் நின்றது.

ஏன் தெரியுமா? அந்த வருடம் இலுப்பைப் பூ கொட்டோ கொட்டென்று கொட்டியது. மாசாணம் அத்தனையையும் ஒரே ஆளாகத் தின்று தீர்த்தது. அதற்கு மேல் தேன் வேறு. உடம்பு உருண்டு திரண்டு, நடந்தால் வயிறு புல்லைத் தேய்த்தது. பாலத்தில் ஒரு கால் வைத்ததுமே மரம் படக்கென்று விரிசல் விட்டது. கரடி பதறிப்போய்க் காலை எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்டதும் முதலில் என்ன நினைத்தது என்கிறீர்கள்? யாரோ இந்த மரத்தை வேண்டுமென்றே அரித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தது. மாசாணத்தின் குணம் அப்படி. தலையில் ஒரு காய் விழுந்தால்கூட, எறிந்தது யார் என்று மரத்தைச் சுற்றி வந்து தேடும்.

அதன் மேல் இரக்கப்பட்டு இக்கரையிலேயே தங்கியது பூவாத்தா என்ற மந்தி. பூவாத்தா நினைத்திருந்தால் நாலே தாவலில் அக்கரைக்குப் போயிருக்கலாம். போக மனம் வரவில்லை.

"மரத்து மேல குத்தம் இல்ல அண்ணே. உங்க உடம்பு கூடிப்போச்சு. குறைச்சா தாராளமா போயிடலாம். நான் கூட இருந்து பாத்துக்கறேன்" என்றது.

மாசாணம் மந்தியை ஏற இறங்கப் பார்த்தது. இவளுக்கு இதில் என்ன லாபம் என்று யோசித்துப் பார்த்தது. ஒன்றும் தட்டுப்படவில்லை. தட்டுப்படாததே அதற்குக் கொஞ்சம் உறுத்தலாக இருந்தது. ஆனாலும் குட்டையைப் பார்த்துவிட்டுச் சரி என்றது.

ஏற்பாடு இதுதான். காலையில் பத்து அத்திப்பழம், சாயங்காலம் பத்து, நடுவில் ஒரு விளாம்பழம். மந்தி எண்ணிப் பறித்து வந்து தட்டைப்பாறையில் வைக்கும். அதற்கு மேல் எதையும் வாயில் போடக் கூடாது. உடம்பு இறங்குகிறதா என்று பார்க்க நாவல்மரக் கிளை ஒன்று இருந்தது. கரடி அதைப் பிடித்துத் தொங்கினால், கிளையின் நுனி தாழ்ந்து பக்கத்துப் பாறையைத் தொடும். தொட்ட இடத்தில், இக்கரையில் குடியிருந்த உடும்பு ஒன்று நகத்தால் ஒரு கீறல் போடும். அந்தப் பாறையில் குறுக்கே ஒரு வெள்ளை வரி ஓடியது. போன கோடையில் பாலத்தைத் தாண்டியபோது மாசாணத்தின் கனத்துக்குக் கிளை அந்த வரி வரைக்கும்தான் தாழ்ந்தது என்று உடும்புக்கு நன்றாக நினைவிருந்தது. ஆகவே கீறல் மெல்ல மெல்ல ஏறி வெள்ளை வரியைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் பாலம் தாங்கும்.

முதல் சில நாட்கள் கரடி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கண்ணை மூடினால் இலுப்பைப் பூ, திறந்தால் தேனடை. மந்தி அதற்கும் வழி சொல்லிக் கொடுத்தது. பழத்தை அப்படியே விழுங்காமல் தோலோடும் விதையோடும் நிதானமாக மெல்லச் சொன்னது. இடையில் பசித்தால் முதலில் வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னது.

"அப்பவும் அடங்கலைன்னா நிழல்ல நாலு நடை நடங்க அண்ணே. பசி வரும், கொஞ்ச நேரம் கத்தும், யாரும் கவனிக்கலைன்னா போயிடும்."

கரடி அப்படியே செய்தது. நிஜமாகவே பசி வந்தது, கத்தியது, போய்விட்டது. கீறலும் ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு முறை தொங்கிவிட்டு இறங்கும்போதும் மாசாணத்துக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அந்த நாட்களில் அது யாரையும் சந்தேகப்படவில்லை. அதுவே அதன் வாழ்நாளில் பெரிய சாதனை.

பிறகு ஒரு நாள் கீறல் நின்றுவிட்டது.

மறுநாளும் அதே இடம். அதற்கு மறுநாளும் அதே இடம். உடும்பு கீறிய இடத்திலேயே திரும்பத் திரும்பக் கீறி, அங்கே ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. வெள்ளை வரி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் எட்டவில்லை. குட்டையோ கரையிலிருந்து இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

"பயப்படாதீங்க அண்ணே" என்றது பூவாத்தா. "இத்தனை நாள் இறங்கின உடம்பு கொஞ்சம் உக்காந்து மூச்சு வாங்குது. அதே அளவு சாப்பிடுங்க, பொறுங்க. மறுபடி இறங்கும்."

மந்தி சொன்னது முழு உண்மை. ஆனால் பொறுக்கச் சொன்னாலே யாரோ எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறவர்களிடம் உண்மை என்ன செய்யும்?

முதலில் மாசாணம் உடும்பைச் சந்தேகித்தது. நீ சாய்வாக நின்று பார்க்கிறாய் என்று சொல்லி அதை இடம் மாற்றி நிறுத்தியது. கீறல் மாறவில்லை. அடுத்தபடி கிளையைச் சந்தேகித்தது. வெயிலில் காய்ந்து தொய்ந்துபோயிருக்கும் என்று சொல்லி, ஒரு கூழாங்கல் மூட்டையைத் தொங்கவிட்டுப் பார்த்தது. கிளையில் ஒரு கோளாறும் இல்லை. மிச்சம் இருந்தது பூவாத்தா ஒன்றுதான்.

சந்தேகம் ஒரு பக்கம் திரும்பிவிட்டால் அதற்குக் காரணம் தானாகவே கிடைத்துவிடும். பத்துப் பழம் என்று சொல்லிப் பன்னிரண்டு வைக்கிறாளோ என்று கரடி யோசித்தது. தனக்குப் பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது என்பது அவளுக்கும் தெரியும். சரி, வைப்பதால் அவளுக்கு என்ன கிடைக்கும்? கரடி இக்கரையிலேயே கிடந்துவிட்டால் அக்கரைத் தேனும் பழமும் குரங்குக் கூட்டத்துக்குத்தானே. ஆகா, அதனால்தான் கூட இருக்கிறாள். அதனால்தான் அண்ணே அண்ணே என்கிறாள். எல்லாம் பொருந்தி வந்தது. பொருந்தி வந்ததில் மாசாணத்துக்கு ஒரு திருப்திகூட உண்டாயிற்று.

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று அது முடிவு செய்தது.

தட்டைப்பாறைக்கு எதிரே ஒரு மேடு. மேடு முழுக்கக் கறையான் புற்றுகள், ஆள் உயரத்துக்கு நின்றன. மறைந்திருந்து பார்க்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. அன்று முதல் கரடி தன் பங்கைத் தின்று முடித்ததும், தூங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பதுங்கிப் பதுங்கி அந்த மேட்டுக்குப் போய்விடும். ஒரு புற்றின் பின்னால் உட்கார்ந்து, தலையை மட்டும் நீட்டி மந்தியை வேவு பார்க்கும்.

பூவாத்தா மரத்தில் ஏறும். கரடி பார்க்கும். பூவாத்தா ஒரு பழத்தை முகர்ந்துவிட்டுக் கீழே போடும். ஏன் முகர்ந்தாள் என்று கரடி மண்டையைக் குடைந்துகொள்ளும். பூவாத்தா முதுகைச் சொறியும். அது யாருக்கோ காட்டும் ஜாடையாக இருக்குமோ என்று கரடி சுற்றுமுற்றும் பார்க்கும்.

கண் இப்படி வேலையாக இருந்தபோது வாய் சும்மா இருக்கவில்லை. கரடிக்கு மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு கிடையாது. அந்தச் சந்து வழியாகப் புற்றுக்குள் ஃபூ என்று ஊதி மண்ணை விலக்கும், உஸ் என்று உறிஞ்சிக் கறையானை இழுக்கும். பக்கத்தில் புற்று இருந்தால் இது தன்பாட்டில் நடக்கும். நாம் கொட்டாவி விடுவதற்கு யோசிக்கிறோமா என்ன? மாசாணம் ஊதியது, உறிஞ்சியது, மந்தியைப் பார்த்தது. ஒரு புற்று காலியானதும், இங்கிருந்து சரியாகத் தெரியவில்லை என்று அடுத்த புற்றுக்கு நகர்ந்தது.

சில நாள் கழித்துக் கிளையில் தொங்கியபோது கீறல் முன்பைவிடக் கீழே விழுந்தது.

மாசாணத்துக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. நேரே தட்டைப்பாறைக்குப் போய், மந்தி வைத்திருந்த பழங்களைக் காலால் தள்ளிவிட்டது.

"எத்தனை வச்சிருக்கே? உண்மையைச் சொல்லு."

"பத்து. எப்பவும் பத்துதான் அண்ணே."

"பொய். நான் இங்கேயே செத்துப்போகணும்னு பாக்கறே. நான் இங்கேயே கிடந்துட்டா அந்தக் கரைத் தேன் முழுக்க உங்க கூட்டத்துக்கு. அதுக்குத்தானே கூடவே ஒட்டிக்கிட்டு இருக்கே?"

மந்தி உருண்டு போன பழங்களில் ஒன்றை எடுத்துத் துடைத்துப் பாறையில் வைத்தது. அதற்கு மனசு விட்டுப்போயிற்று.

"மந்திக்குத் தேன் எதுக்கு அண்ணே? என் குட்டிங்க எல்லாம் அக்கரை போய் எத்தனையோ நாள் ஆச்சு. நான் ஒருத்திதான் இங்க காஞ்சுக்கிட்டு இருக்கேன். நம்பிக்கை இல்லாதவங்களுக்கு நான் எண்ணி வைக்கிறது தப்பு. இனிமே நீங்களே எண்ணிக்கங்க."

சொல்லிவிட்டு நாலே தாவலில் அக்கரை போய்விட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

கரடிக்கு அன்று ஒரே நிம்மதி. இனி ஏமாற்ற ஆளில்லை. தன் கையாலேயே பழம் பறித்தது, பத்துக்குப் பதில் எட்டாகக் குறைத்துக்கொண்டது. ஆனாலும் அந்த மந்தி திருட்டுத்தனமாகத் திரும்பி வந்து எதையாவது செய்துவிட்டால்? அதனால் பாலத்தின் மேல் ஒரு கண் வைத்துக்கொள்வது நல்லது என்று பட்டது. மறுபடியும் மேட்டுக்குப் போய் உட்கார்ந்தது. ஃபூ, உஸ்.

கீறல் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது.

இப்போது மாசாணத்துக்குக் குழப்பமாகிவிட்டது. மந்தி இல்லை. தின்பதோ எட்டே பழம். அப்படியானால் உடும்புதான் சதிகாரன். அதைக் கூப்பிட்டு விசாரிக்கலாம் என்று எழுந்தால், உடும்பே எதிரே வந்துகொண்டிருந்தது, உடம்பெல்லாம் புழுதியோடு.

"நல்ல நேரத்துல வந்தே" என்றது கரடி. "உன்கிட்ட ஒரு விஷயம் கேக்கணும்."

"முதல்ல நான் கேக்கறேன்" என்றது உடும்பு. "மேட்டுல என் வீட்டை இடிச்சது யாரு? நான் குடியிருந்த புற்று இன்னிக்கு அடியோட காலி. சுத்தி இருக்கிற புற்றெல்லாம் ஓட்டை. ஒரு கறையான் மிச்சமில்லை."

"எனக்கென்ன தெரியும்? நான் அந்த மந்தியைக் காவல் காத்துக்கிட்டு இருந்தேன்."

"எங்கேருந்து?"

கரடி மேட்டைக் காட்டியது. உடும்பு அதன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கில் செம்மண் அப்பியிருந்தது. உதட்டு மயிரில் ஒரு கறையான் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது.

"அது சாப்பாடு இல்லையே" என்றது மாசாணம் மெதுவாக. "சும்மா உக்காந்திருக்கும்போது நடக்கிறது. மூச்சு விடற மாதிரி."

"அதைக் கறையான்கிட்ட போய்ச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உடும்பு வேறு பொந்து தேடப் போய்விட்டது.

கரடி மேட்டில் ஏறிப் பார்த்தது. ஒவ்வொரு புற்றாகச் சுற்றி வந்தது. இடிந்த புற்றுகள் வரிசையாக நின்றன. பூவாத்தா பழம் பறித்த மரமோ பாலமோ எங்கிருந்தெல்லாம் நன்றாகத் தெரியுமோ அங்கேயெல்லாம் ஓட்டை. தெரியாத பக்கத்துப் புற்றுகளில் ஒரு சிறு கீறல்கூட இல்லை. மாசாணம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கீறல் முதலில் நின்றதே, அப்போது பேசாமல் நிழலில் படுத்துக் கிடந்திருந்தால் இந்நேரம் அக்கரையில் இருந்திருக்கும், தனியாகவும் இருந்திருக்காது.

அதன் பிறகு அது மேட்டுப் பக்கமே போகவில்லை. வெயிலில் காய்கிற வெட்டவெளிப் பாறையில், புற்றும் பூச்சியும் இல்லாத இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. பத்துப் பழத்தைப் பத்தாகவே தின்றது. பசி வந்து கத்தியது. பொறுங்க அண்ணே என்று சொல்ல இப்போது யாரும் இல்லை. தானே தனக்குச் சொல்லிக்கொண்டது. கீறல் போட மட்டும் உடும்பு வந்து போயிற்று. கீறல் ஏறியது, நடுவில் பழையபடி நின்றது. கரடி யாரையும் விசாரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அதே பத்துப் பழத்தைத் தின்றது. பிறகு கீறல் தானாகவே ஏறியது.

குட்டை சேறாகிப் போன அன்று கீறல் வெள்ளை வரிக்கு ஒரு விரல் கீழே இருந்தது. இனிக் காத்திருக்கத் தண்ணீர் இல்லை. மாசாணம் பாலத்தில் வயிற்றை ஒட்டிப் படுத்து, அங்குலம் அங்குலமாக ஊர்ந்தது. நடுவில் மரம் ஒரு முறை முனகியது. கரடிக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் மரம் தாங்கிக்கொண்டது.

அக்கரையில் ஊற்றோரத்து மரத்தில் பூவாத்தா குட்டிகளோடு உட்கார்ந்திருந்தது. கரடி வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, அந்த மரத்தடிக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றது.

"தின்னது நான்தான் பூவாத்தா. உன்னைப் பாத்துக்கிட்டே தின்னிருக்கேன். என்னை மன்னிச்சுடு."

மந்தி கீழே எட்டிப் பார்த்தது. கோபம் இல்லை அதன் முகத்தில்.

"வந்து சேந்தீங்களே, அதுவே சந்தோஷம் அண்ணே" என்றது. "ஆனா இனிமே உங்க பழத்தை நீங்களே பறிச்சுக்கங்க."

குட்டிகளைக் கூட்டிக்கொண்டு அது வேறு மரத்துக்குப் போய்விட்டது.

நீதி: அடுத்தவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத் தன் வாய் செய்வது தெரியாது.