யாகூப் எழுதி வைத்த எண்கள்

சங்கிலி மனுவை மேசைமேல் வைத்தான். வேதநாயகி அதை எடுத்துப் பார்க்கவில்லை. எண்ணெய்க் குப்பியைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டு, கையிலிருந்த துணியை மடித்துப் பிடித்து ஒரு துப்பாக்கிக் குழலைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“என்ன எழுதியிருக்கீங்க?”

“இணை மாத்தித் தரணும்னு எழுதியிருக்கேன் மேடம். நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் மேல போகும்.”

“ஜெபசிங் என்ன பண்ணாரு?”

“அவனோட என்னால சுட முடியாது.”

வேதநாயகி அந்தக் காவல் படையின் ஆயுத அறைக்குப் பொறுப்பான சப்-இன்ஸ்பெக்டர். சங்கிலி ஏட்டு. தூரத்துக் குறியைப் படுத்துக்கிடந்து சுடுகிறவன். வயதில் அவரைவிட மூன்று வருடம்தான் இளையவன் என்றாலும் துப்பாக்கியைத் தொடவே அவரிடம்தான் கற்றுக்கொண்டான். அந்தப் படையில் குறி பார்க்கிற எல்லோரும் அவருடைய மாணவர்கள்தான். அவர் அதிகம் பேசமாட்டார். யாராவது ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்கு ஒரு வேலை கொடுப்பார்.

“துப்பாக்கியை எடுத்துட்டு வாங்க. அவரையும் கூட்டிட்டு வாங்க” என்றார்.

சங்கிலிக்கு எரிச்சலாக இருந்தது. கையெழுத்துப் போட அரை நிமிடம் போதும். ஆனால் அவரிடம் எதிர்த்துப் பேசி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

சுடுதளம் ஒரு மொட்டைக் கரட்டுக் குன்றின் அடியில் இருந்தது. காலை வெயில் அப்போதுதான் மண்மேட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. ஜெபசிங் முன்னாலேயே வந்து தார்ப்பாய் விரித்து வைத்திருந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். நாற்பதைத் தொட்ட மனிதர், சாது. குறி பார்க்கிறவனுக்குப் பக்கத்தில் படுத்து, காற்றையும் தூரத்தையும் கணித்துச் சொல்வது இணையின் வேலை. சங்கிலியின் முந்தைய இணை யாகூபுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் அவர்.

அந்தத் துப்பாக்கிக்கு உடல் ஒன்று, குழல்கள் இரண்டு. பயிற்சிக்கு மெல்லிய குழல், அதற்குச் சின்ன தோட்டா. உண்மையான வேலைக்குத் தடித்த குழல், பெரிய தோட்டா. ஒன்றைக் கழற்றி மற்றதைப் பொருத்தினால் துப்பாக்கியின் தோட்டா அளவான காலிபரே மாறிவிடும். பழைய குழலுக்கு வைத்த குறி புதிய குழலுக்கு உதவாது. அதனால் எந்தக் குழலுக்கு ஸ்கோப்பை எத்தனை கிளிக் திருப்ப வேண்டும் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பார்கள். துப்பாக்கிக்கு ஒரு குறிப்பேடு. அதில் எழுதுகிறவன் இணை.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. குழலை மாற்றும்போது திருகுகளை முடுக்குவது இணைதான். சுடுகிறவன் தொடக்கூடாது. திரும்பி நின்று கரட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஏன் என்று கேட்டவர்களுக்கு வேதநாயகி இதுவரை பதில் சொன்னதில்லை.

பதினோரு வருடம் சங்கிலி கரட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் யாகூப் வாய்க்குள் “பிஸ்மில்லா” என்று முனகுவார். அப்புறம் திருகு சரியான அளவுக்கு முடுகியதும் ஸ்பேனரிலிருந்து ‘டிக்’கென்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் வந்துவிட்டால் சங்கிலிக்கு உலகத்தில் வேறு கவலை கிடையாது.

எட்டு மாதத்துக்கு முன்னால் யாகூப் இறந்துபோனார். குண்டடி பட்டெல்லாம் இல்லை. வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தவர், மடியில் சாப்பாட்டுப் பையோடு அப்படியே போய்விட்டார். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் எழுப்பிப் பார்த்திருக்கிறார்.

“பெரிய பேரலை மாட்டுங்க” என்றார் வேதநாயகி.

ஜெபசிங் ஸ்பேனருக்குக் கை நீட்டினார். சங்கிலி அதற்குள் அதை எடுத்துவிட்டான். மெல்லிய குழலைக் கழற்றி, தடித்ததை நுழைத்து, திருகுகளைத் தானே முடுக்கினான். ஜெபசிங் நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். வேதநாயகி பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கிலி சட்டைப்பையிலிருந்து பச்சை அட்டை போட்ட குறிப்பேட்டை எடுத்தான். யாகூபின் சாய்ந்த கையெழுத்து. ‘பெரியது: மேலே 9, இடது 4.’ அவனுக்கு மனப்பாடம்தான், இருந்தாலும் பார்த்தான். ஸ்கோப்பைத் திருப்பிவிட்டுப் படுத்தான்.

“ஏட்டையா” என்று ஆரம்பித்தார் ஜெபசிங்.

“காத்த மட்டும் சொல்லு.”

“காத்து கெடயாது ஏட்டையா.”

ஐந்து தோட்டாக்களைச் சுட்டான். ஜெபசிங் போய்ப் புதுத் தாளை மாட்டிவிட்டு, சுட்ட குறித்தாளை எடுத்துவந்தார். ஐந்து ஓட்டைகளும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கும் நெருக்கத்தில் இருந்தன. ஆனால் மையத்துக்கு மூன்று விரல் கீழே, இரண்டு விரல் இடது பக்கம்.

தாளில் மூன்று விரல் ஒரு பெரிய விஷயமில்லை. ஒரு பிள்ளையைக் கழுத்தோடு இழுத்து அணைத்துக்கொண்டு கத்தியோடு நிற்கிறவனைச் சுட வேண்டிவந்தால், அந்த மூன்று விரல் தள்ளிப் பிள்ளைதான் இருக்கும். சங்கிலிக்கு இது தெரியும். வெள்ளிக்கிழமை வருடாந்திரத் தேர்வு. இதே மாதிரி சுட்டால் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வாசலில் காவல் நிற்கப் போக வேண்டும். மனு மேலே போனாலோ ஜெபசிங்கின் பணிப் பதிவேட்டில் ‘இணையாக இருக்கத் தகுதியில்லை’ என்று ஒரு வரி விழும். ஓய்வு பெறும் நாள்வரை அந்த வரி அவரோடு போகும்.

“பாத்தீங்களா மேடம்? அஞ்சு மாசமா இப்படித்தான். சின்ன பேரல்ல ஒரு குறையும் இல்ல. பெரியதை மாட்டினாத்தான் இந்தக் கூத்து. இவன் சொல்ற காத்துக் கணக்கு அம்புட்டும் தப்பு.”

ஜெபசிங் தரையைப் பார்த்தார்.

“காத்து பாக்கக் கட்டின கொடித்துணி அசையவே இல்லியே” என்றார் வேதநாயகி.

சங்கிலி வெற்றுத் தோட்டாக் கூடுகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

“யாகூப் காலத்துப் பெரிய பேரல் எங்க?”

“தேஞ்சுபோச்சுன்னு நீங்கதானே கழிச்சு வச்சீங்க. இது புதுசு.”

“எப்ப வந்துச்சு?”

“அஞ்சு மாசம் ஆகுது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. சட்டென்று சேர்த்துச் சொன்னான்: “அதே அளவு, அதே கம்பெனி. எந்த வித்தியாசமும் கிடையாது.”

புதிய குழல் என்றால் புதிய குறி. இது முதல் மாதப் பயிற்சிக்கு வருகிறவனுக்கும் தெரியும். சங்கிலியே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான், தப்பாகச் சொன்னவனைத் தளத்தைச் சுற்றி ஓடவும் விட்டிருக்கிறான். தெரியாமல் செய்யவில்லை. அந்தப் பச்சை ஏட்டில் இன்னொரு ஆளின் கையெழுத்து விழுவதை அவனால் தாங்க முடியாது, அவ்வளவுதான். அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். அதனால் காற்றின்மேல் பழி போட்டான். காற்று இல்லாத நாளில் ஜெபசிங்மேல் போட்டான்.

வேதநாயகி எழுந்து ஆயுத அறைக்குப் போனார். திரும்பி வரும்போது சிவப்புச் சீட்டுக் கட்டிய ஒரு குழல் அவர் கையில் இருந்தது. சங்கிலி அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டான். வாய்ப்பக்கம் இருந்த சின்னக் கீறல்கூட அவனுக்குப் பழக்கம்.

“இன்னும் அனுப்பலையா இதை?”

“அடுத்த மாசம் போகுது. சுடறதுக்கு ஆபத்தில்ல. வேலைக்குத்தான் ஆகாது. மாட்டுங்க.”

சங்கிலி மாட்டினான்.

“ஸ்கோப்பு?” என்று கேட்டான்.

“யாகூப் எழுதினதுதான் இருக்கே. தொடாதீங்க.”

ஐந்து தோட்டாக்கள். இந்தத் தடவை சங்கிலியே போய்த் தாளைக் கழற்றினான். கழற்றியவன் அங்கேயே நின்றுவிட்டான். வேதநாயகி கூப்பிட்ட பிறகுதான் புதுத் தாளை மாட்டிவிட்டு நடந்து வந்தான்.

ஓட்டைகள் மையத்தைச் சுற்றித்தான் விழுந்திருந்தன. மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கங்களில் மூன்று. விரித்த உள்ளங்கை அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. நடுவில் ஒன்றுகூட இல்லை.

வேதநாயகி இரண்டு தாள்களையும் தார்ப்பாயில் பக்கத்துப் பக்கத்தில் விரித்து, பறக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் வைத்தார்.

சங்கிலி குந்தி உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கேட்டான்.

“அப்ப, யாகூப் எழுதினது தப்பில்லையே மேடம்?”

“துளிகூடத் தப்பில்ல.”

“அப்புறம்?”

“இந்தப் பேரலுக்கு எழுதினாரு.”

சிவப்புச் சீட்டுக் குழலை அவர் தொட்டுக் காட்டினார். சங்கிலி கரட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். யாகூப் இறந்த அன்றுகூட அவன் அழவில்லை. பஸ் நிலையத்திலிருந்து உடலை வாங்கி, வீட்டில் சேர்த்து, கபரஸ்தானில் மண் போட்டுவிட்டு நேராக வேலைக்கு வந்தவன். இப்போது தோள் குலுங்கியது.

“ஜெபசிங்” என்றார் வேதநாயகி. “புது பேரலை மாட்டுங்க.”

ஸ்பேனர் தார்ப்பாயில் கிடந்தது. ஜெபசிங் அதை எடுக்கவில்லை. சங்கிலியைப் பார்த்தார்.

சங்கிலி திரும்பாமலே நின்றான். கரட்டில் இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தபடியே, “முடுக்கு” என்றான்.

பின்னால் குழல் கழலும் சத்தம் கேட்டது. இன்னொன்று உள்ளே நுழையும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. சங்கிலி தன்னையறியாமல் அந்தப் ‘பிஸ்மில்லா’வுக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. இனி வராது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

‘டிக்’கென்று சத்தம் வந்தது.

அதே சத்தம்தான்.

சங்கிலி வந்து படுத்தான். ஸ்கோப்பில் கை வைத்தான். அங்கேயே கை நின்றது.

“எத்தன?” என்று கேட்டான்.

ஜெபசிங் சட்டைப்பையைத் துழாவினார். தோட்டா அட்டைப் பெட்டிகளின் மூடிகளைச் சதுரமாக வெட்டி, மூலையில் ஓட்டை போட்டு நூலில் கோத்து வைத்திருந்தார். ஒவ்வொரு அட்டையிலும் தேதி, வெயில், காற்று, விழுந்த இடம். ஐந்து மாதமும் ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தார். குறிப்பேடு அவர் கைக்குக் கொடுக்கப்படாததால் கிடைத்ததில் எழுதியிருக்கிறார்.

“மேல பதினாலு, இடது ஒண்ணு ஏட்டையா” என்றார். “நான் மொதல்லயே…”

சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

“சொன்ன” என்றான் சங்கிலி. “நான்தான் கேக்கல.”

திருப்பினான். ஒரே ஒரு தோட்டா சுட்டான். ஜெபசிங் தொலைநோக்கியில் பார்த்துவிட்டு அதை அவன் பக்கம் நகர்த்தினார். சங்கிலி பார்த்தான். ஓட்டை நடுவில் இருந்தது.

எழுந்து உட்கார்ந்தான். பிறகு பச்சைக் குறிப்பேட்டை எடுத்து ஜெபசிங்கிடம் நீட்டினான்.

“எழுது.”

ஜெபசிங் இரண்டு கையாலும் வாங்கினார். யாகூபின் பக்கத்தைத் திறந்தார், பேனா மூடியைக் கழற்றினார், எழுதாமல் கேட்டார்: “எங்க ஏட்டையா எழுதணும்?”

“அடுத்த பக்கத்துல.”

வெயில் ஏறிவிட்டது. மூவரும் ஆயுத அறைக்குத் திரும்பினார்கள். ஜெபசிங் தார்ப்பாயை உதறி மடிக்க வெளியே நின்றுகொண்டார். சங்கிலி உள்ளே வந்து மேசை முன்னால் கைகட்டி நின்றான்.

“அந்த மனுவத் திருப்பிக் குடுத்துருங்க மேடம். கிழிச்சுப் போட்டுருறேன்.”

வேதநாயகி எண்ணெய்க் குப்பியை நகர்த்தி அந்தத் தாளை எடுத்தார். உடனே கொடுத்துவிடவில்லை. அலமாரியைத் திறந்து அந்தத் துப்பாக்கியின் கோப்பைத் தேடி எடுத்தார். அடியிலிருந்து இன்னொரு தாளை உருவி, இரண்டையும் சேர்த்து அவனிடம் கொடுத்தார்.

இரண்டாவது தாள் பழுத்துப் போயிருந்தது. சங்கிலி பிரித்தான். அவனுடைய கையெழுத்துத்தான். தேதி ஏறத்தாழ பன்னிரண்டு வருடம் முந்தையது.

‘எனக்குப் புதிய இணையாக வழங்கப்பட்டுள்ள காவலர் யாகூப் அவர்களுக்குக் காற்றைக் கணிக்கத் தெரியவில்லை. அவருடன் என்னால் சுட இயலாது. வேறு இணை வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

இப்படி ஒன்று எழுதியதையே அவன் அடியோடு மறந்திருந்தான். திரும்பத் திரும்பப் படித்தான். அந்தப் பெயரின்மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினான். வெளியே ஜெபசிங் தார்ப்பாயை உதறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“இதுலயும் நீங்க கையெழுத்துப் போடலையே மேடம்” என்றான். “ஏன்?”

வேதநாயகி காலையில் பாதியில் விட்ட குழலை மறுபடி கையில் எடுத்தார்.

“அன்னைக்கும் பேரல் புதுசு” என்றார்.